மாறாத நம்பர்

அந்தப் பெஞ்சுல உக்காராதீங்க அண்ணாச்சி, அது ஒரு பக்கம் ஆடும். இங்ஙன வாங்க. பையை மடியில வச்சுக்கிடுங்க. தரையில வச்சா கூட்டிப் பெருக்குறவ வந்து சத்தம் போடுவா.

வைஃபையா? போர்டு இருக்கும், வைஃபை இருக்காது. கீழ கேட்டா மாடியில கேளுங்கம்பாங்க, மாடியில கேட்டா கீழ கேளுங்கம்பாங்க. நானும் அலைஞ்சு பாத்தவன்தான். உங்க போன்ல டவர் இருக்கா? கால் போகும்லா? சரி. ஒண்ணுமில்லை, உங்ககிட்ட ஒரு சின்ன உதவி கேக்கணும். பொறவு கேக்குதேன். என்ன அவசரம், உள்ள போனா நாலு மணி நேரம் ஆகும்.

யாரு, அப்பாவா? இன்னைக்குத்தான் முதல் டயாலிசிஸா? முகத்தைப் பாத்தாலே தெரியுது. முதல் நாளு எல்லாருக்கும் அப்பிடித்தான். பொறவு பழகிரும். நானும் இந்த வார்டுக் கண்ணாடிக் கதவுல மூக்கை வச்சுக்கிட்டு நின்னவன்தான். இப்ப ஒண்ணும் தோணல பாத்துக்கிடுங்க. நேரத்துக்குப் பசிக்குது, சாப்பிடுதேன். படுத்தா தூக்கம் வருது. ஆளுக என்னைப் பாத்து, என்ன இசக்கிராஜ், கல்லு மாதிரி இருக்கியேங்காங்க. இருந்துட்டுப் போறேன்.

அந்தா, ஜன்னல் ஓரத்துக் கட்டில்ல, மடியில லேப்டாப் வச்சிருக்காள்லா, அதுதான் என் வீட்டுக்காரி. சண்முகவடிவு. வடிவும்போம். ஒத்தைக் கையால என்ன வேகமா அடிக்கா பாருங்க. இடது கையில ஊசி குத்தி மெஷின்ல மாட்டியிருக்கும், அதை அசைக்கப்படாது. ஆன்லைன்ல சேலை விக்கிற கம்பெனி ஒண்ணுல வேலை. எங்கெங்கயோ இருந்து பொம்பளைக கேப்பாங்க, சாயம் போகுமா, ப்ளவுஸ் துணி சேந்து வருமா, பிடிக்கலைன்னா மாத்திக் குடுப்பீங்களான்னு. இவ பதில் அடிக்கணும். சாயம் போகாதும்மா. முதல் தடவை தனியாத் துவைங்கம்மா. இங்ஙன இவ ரத்தம் குழாய்ல ஓடிக்கிட்டு இருக்கும், அங்ஙன இவ சாயம் போகாதும்மான்னு அடிச்சுக்கிட்டு இருப்பா.

அதுல ஒரு சட்டம் உண்டு. நெட் கட் ஆகி இவ கொஞ்ச நேரம் பதில் சொல்லலைன்னு வைங்க, அந்தக் கஸ்டமர் அடுத்த பிள்ளைக்குப் போயிருவாங்க. காத்துக்கிட்டெல்லாம் இருக்க மாட்டாங்க. யார் பதில் சொல்லுதாளோ அவளுக்கு. அப்பிடி நாலு தடவை ஆச்சுன்னா வேலைக்கே ஆபத்து. அந்த வேலை போனா வடிவு ஒடிஞ்சு போவா. கட்டில்ல கிடக்குற நேரம் பூரா நான் நோயாளியா இருக்க மாட்டேன், வேலைக்காரியா இருப்பேம்பா. வீம்பு. எங்க கல்யாணத்தப்பவே அந்த வீம்பு உண்டு.

முதல்ல என் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுக் குடுத்துப் பாத்தேன். போனு சூடாகி அணைஞ்சு போகும். அவளுக்குக் கை எட்டாது. என்னை உள்ள விட மாட்டாங்க. ஜெசிந்தா சிஸ்டருன்னு ஒரு பிள்ளை இருக்கு, நல்ல பிள்ளை, அதுதான் ஓடி வந்து போனைத் தட்டி எழுப்பும். எத்தனை தடவைதான் ஓடி வரும், அதுக்கு வேற வேலை இல்லையா? பொறவு நெட்டுக்குன்னு சொருகுற டாங்கிள் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். அது லேப்டாப்புக்குப் பக்கவாட்டுல நாக்கு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும். மருந்து ட்ராலி இடிச்சு டாங்கிளும் ஒடிஞ்சுது, அதைச் சொருகுற ஓட்டையும் போச்சு. அன்னைக்கு வடிவு அழுதா. அவ்வளவு தடி ஊசி, அது குத்தும்போது ஒரு நாளும் அழாதவ.

அப்பதான் எனக்குத் தோணிச்சு. வெளிய நீட்டிக்கிட்டு இருக்கப் போயித்தான இடிபடுது, உள்ளயே வச்சுட்டா என்ன?

நான் கம்ப்யூட்டர் சர்வீஸ்தான் பாக்கேன், முருகன்குறிச்சியில ஒரு கடையில. அந்த லேப்டாப்பு ஏதோ பெரிய ஆபீஸ்ல ஓடிப் பழசாகி எங்க கடைக்கு வந்தது. கீழ்மூடியைக் கழட்டிப் பாத்தா, பேட்டரிக்குப் பக்கத்துல ஒரு ஸ்லாட் காலியாக் கிடக்கு. சிம்மு சொருகுற ஓட்டைகூட இருக்கு, அதுல ஒரு பிளாஸ்டிக்கை வச்சு அடைச்சிருக்கான். விலை கூடின மாடலுக்கு உள்ளயே நெட் கார்டைப் போட்டுக் குடுப்பான் பாத்துக்கிடுங்க. மத்த ஆளுகளுக்கு இடத்தை மட்டும் விட்டுருவான். வீடு கட்டுறவன் மாடிக்குக் கம்பியை நீட்டி விடுவாம்லா, அது மாதிரி.

எனக்கு ஒரு குணம். ஒரு இடம் சும்மா காலியாக் கிடந்தா எனக்கு ஆகாது. வீட்டுல ஒரு டப்பா காலியாக் கிடந்தாலும் எதையாவது போட்டு வச்சிருவேன். வடிவு சத்தம் போடுவா, சீரக டப்பாவைத் திறந்தா ஸ்க்ரூவா இருக்கேன்னு.

சென்னையில கூட்டாளி ஒருத்தன் இருக்கான், அவன்கிட்டச் சொல்லி அந்த ஸ்லாட்டுக்குள்ள உக்காருற மாதிரி ஒரு கார்டு வாங்குனேன். தீப்பெட்டியில பாதிகூட இருக்காது. அதுக்குள்ள செல்போன் டவரைப் பிடிக்குற வேலையெல்லாம் இருக்கு. சொருகி, சிஸ்டத்தை ஆன் பண்ணுதேன், கறுப்பா நின்னு போச்சு. இந்தக் கார்டை ஏத்துக்க மாட்டேன், கழட்டிட்டு வான்னு சொல்லுது. கம்பெனிக்காரன் பூட்டு போட்டு வச்சிருக்கான். அவன் சொந்தத்துக்குள்ளதான் பொண்ணு எடுப்பானாம், வெளியில இருந்து எடுக்க மாட்டானாம். நம்ம ஊருப் பெரிய குடும்பம் தோத்துப் போகும். அதே கம்பெனி பேரு போட்ட கார்டு வேணும். தேடி அலைஞ்சு, தண்ணி ஊத்திச் செத்துப் போன ஒரு பழைய லேப்டாப்புல இருந்து கழட்டுனேன். அதைச் சொருகுனா ஆன் ஆகுது. ஆனா கார்டு தூங்குது. அதுல ஒரு பின்னு இருக்கு, கார்டைத் தூங்க வைக்கதுதான் அதுக்கு வேலை. அந்தப் பின்னு மேல மட்டும் நகக்கண்ணு அளவுக்கு டேப்பை வெட்டி ஒட்டுனேன். கார்டு எழுந்துருச்சு. பொறவு தூங்கவே இல்லை.

ஆனா அது இல்லை பெரிய வேலை. ஆன்டெனாதான் பெரிய வேலை. தலைமுடி மாதிரி ரெண்டு வயரு. கார்டுல இருந்து கிளப்பி, லேப்டாப்பைத் திறந்து மூடுதோம்லா, அந்தக் கீல் சந்து வழியா நுழைச்சு, ஸ்க்ரீன் பின்னால ஏத்தி, உச்சியில கொண்டு போய் ஒட்டணும். கீல்ல கொஞ்சம் இழுத்துப் பிடிச்சாலும் திறந்து மூடித் திறந்து மூடி அந்து போகும். தளர விட்டா நசுங்கும். பிள்ளைக்குத் தலை பின்னுத மாதிரிப் பைய இழுக்கணும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. சும்மா சொல்லுதேன், அப்பிடி இருந்துது. கடை லீவு நாளு அன்னைக்கு உக்காந்து முடிச்சேன். ஸ்க்ரீனைச் சுத்தி இருக்குற சட்டத்தை மாட்டுன பொறவு, யாரு பாத்தாலும் கம்பெனியில இருந்தே அப்பிடி வந்ததும்பாங்க. முதலாளியே கையில வாங்கிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. அவரு ஒண்ணும் சொல்லலைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம்.

இனி சிம்மு. இந்த வார்டுக்குள்ள எல்லா டவரும் எடுக்காது, ஒரு கம்பெனி டவரு மட்டும்தான் நல்லா எடுக்கும். என்கிட்ட இருந்தது வேற சிம்மு. புதுசு வாங்கலாம்தான். வடிவுகிட்ட அதே கம்பெனி சிம்மு ஒண்ணு சும்மாக் கிடந்துது. பழைய பட்டன் போன்ல. கல்யாணத்துக்கு முன்னால அவ வாங்குனது. அந்தப் போனு சாமி படத்துக்குக் கீழ சார்ஜ்ல கிடக்கும், ஒரு கால் வராது, ஒரு மெசேஜ் வராது, மாசம் பொறந்தா ரீசார்ஜ் மட்டும் போட்டுருவா. இது என்ன தண்டத்துக்குன்னு நான் கேப்பேன். கிடக்கட்டும்பா. சும்மாக் கிடக்குறதைக் கண்டா எனக்கு ஆகாதுன்னு சொன்னேம்லா.

அவகிட்டக் கேட்டுத்தான் எடுத்தேன். இதை எல்லாருகிட்டயும் சொல்லுதேன், நான் கேட்டுத்தான் எடுத்தேன். டயாலிசிஸ் முடிஞ்சு வந்து படுத்திருந்தா. அன்னைக்கெல்லாம் கையைக் காலைத் தூக்க முடியாது, அடிச்சுப் போட்ட மாதிரிக் கிடப்பா. வடிவு, அந்தப் பழைய சிம்மை லேப்டாப்புல போடட்டான்னு கேட்டேன். ம்ன்னு சொன்னா. ம்ன்னா என்ன அர்த்தம்? சரின்னுதான அர்த்தம்?

அந்தக் கார்டுல பேச முடியாது, நெட்டுக்கு மட்டும்தான். மணி கிணி ஒண்ணும் அடிக்காது. அடிச்சு என்ன செய்ய, யாரு அதுல கூப்பிடப் போறா? மெசேஜ் வரும். ஆரம்பத்துல அந்த ஆஃபர் இந்த ஆஃபர்னு ஸ்க்ரீன் ஓரத்துல எட்டிப் பாத்துக்கிட்டு இருந்துது. இவ சாயம் போகாதும்மான்னு அடிக்கும்போது அது வந்து எழுத்தை மறைக்கும். அதனால மெசேஜ் வந்தாக் காட்டாதேன்னு அதையும் அணைச்சு விட்டேன். அந்த அளவுக்கு யோசிச்சுச் செஞ்சேன் அண்ணாச்சி.

முதல் நாளு இந்தக் கட்டில்ல உக்காந்து லேப்டாப்பைத் திறந்தா. ஹாட்ஸ்பாட் இல்லை, டாங்கிள் இல்லை, திறந்த உடனே நெட். முழு சிக்னல். நான் இந்தா, இதே இடத்துல நிக்கேன். கண்ணாடி வழியா என்னைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சா பாருங்க. நோவு வந்ததுக்கு அப்புறம் அப்பிடி ஒரு சிரிப்பை நான் பாக்கல. ஜெசிந்தா சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டுதா, எங்க வீட்டுக்காரங்க செஞ்சதுன்னு. வீட்டுக்குப் போகும்போது ஆட்டோவுல சொன்னா, இனி எனக்கு எதுவும் கட் ஆகாதுங்கன்னு. எனக்கு அன்னைக்குச் சந்தோசமா இருந்துது. அது ஞாபகம் இருக்கு. எப்பிடி இருந்துதுன்னு கேட்டா சொல்லத் தெரியல, ஆனா இருந்துது.

அதுல இருந்து ஒரு நாளு கட் ஆகல. ஒரு கஸ்டமர் அடுத்த பிள்ளைக்குப் போகல. கம்பெனியில இருந்து பாராட்டிக்கூட எழுதியிருந்தான்.

பொறவு மதுரைக்குப் போனோம். அங்க ஒரு ஆஸ்பத்திரியிலதான் வடிவு பேரைப் பதிஞ்சு வச்சிருக்கோம், கிட்னிக்கு. மூளைச் சாவு ஆனவங்க கிட்னி வந்தா, லிஸ்ட்ல பொருந்துற ஆளைக் கூப்பிடுவாங்க. உடனே கிளம்பி வரணும். உங்களுக்கும் சொல்லுவாங்க. நாங்க பதிஞ்சு வருசக் கணக்காச்சு. நான் அந்த நினைப்பையே விட்டுட்டேன். வடிவு விட்டாளா இல்லையான்னு தெரியாது, பேச மாட்டா. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போயி ரத்தம் குடுத்துட்டு வரணும், அதுக்காகப் போனோம்.

அங்க லிஸ்ட்டைப் பாத்துக்கிடுற ஒரு மேடம் உண்டு. உள்ள கூப்பிட்டு உக்கார வச்சாங்க. ஏம்மா, போன மாசம் உங்களை எத்தனை தடவை கூப்பிட்டோம், எங்கம்மா போனீங்கன்னாங்க. எனக்குப் புரியல. உங்களுக்கு நல்லாப் பொருந்தி ஒரு கிட்னி வந்துதும்மா, அந்த வாட்டி நீங்கதான் முதல் ஆளு, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தோம், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்காருன்னே வந்துது, ரெண்டாவது நம்பரும் போகல, அதுக்கு மேல வச்சிருக்க முடியாதும்மா, அடுத்த ஆளுக்குப் போயிட்டுன்னாங்க.

எந்த நம்பருக்குக் கூப்பிட்டீங்கன்னு கேட்டேன். வாசிச்சாங்க. வடிவோட பழைய நம்பரு. பதியும்போது அதைத்தான் குடுத்திருக்கோம். எனக்கு அப்பெல்லாம் ஆஃபருக்கு ஒரு சிம்மு, மாசத்துக்கு ஒரு நம்பரு. மாறாத நம்பரா ஒண்ணு குடுங்கன்னு கேட்டிருக்காங்க, இவ அதைக் குடுத்திருக்கா. ரெண்டாவதா எங்க கடை லேண்ட்லைனைக் குடுத்திருக்கோம். அதை முதலாளி எப்பவோ வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாரு.

நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி, தொடர்பு எல்லைக்கு வெளியேன்னா என்ன அர்த்தம்? அவுக கூப்பிட்டது ஒரு டயாலிசிஸ் நாளு, பகல்ல. அந்த சிம்மு இந்தா இந்த வார்டுல, அந்தக் கட்டில்ல, அவ மடியில இருந்துது. முழு சிக்னல்ல இருந்துது. அன்னைக்குக்கூட ஒரு தடவை கட் ஆகல, நான் இங்ஙனதான் நின்னேன். நான் போட்ட ஆன்டெனா அப்பிடி. வெளியன்னா எதுக்கு வெளிய? அந்த மேடத்துக்கிட்ட இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அதுக்குள்ள வடிவு மேசைக்குக் கீழ என் மணிக்கட்டைப் பிடிச்சா. இடது கையால. டயாலிசிஸ்காரங்களுக்கு அந்தக் கையில நரம்பைச் சேத்து வச்சுத் தச்சிருப்பாங்க, தொட்டா உள்ள ரத்தம் ஓடுறது குறுகுறுன்னு தெரியும். போன் வைப்ரேட்ல கிடந்தா எப்பிடி இருக்கும், அப்பிடி. உங்க அப்பாவுக்கும் பொறவு போடுவாங்க, தொட்டுப் பாருங்க. அந்தக் கையால பிடிச்சு அமுக்குனா. பிடிச்சுக்கிட்டே மேடத்தைப் பாத்துச் சொல்லுதா, என் செல்லு தொலைஞ்சு போச்சு மேடம், புது நம்பர் குடுக்கணும்னு எனக்குத் தோணல, என் கவனக்குறைவுதான்னு.

ஏன் அப்பிடிச் சொன்னான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. செல்லு எங்க தொலைஞ்சுது? சாமி படத்துக்குக் கீழதான இருக்கு? இப்பிடி வாய் கூசாமப் பொய் சொல்லுற ஆளு இல்லை அவ. நான் சொல்ல வந்ததையும் சொல்ல விடல. சொல்லியிருந்தேன்னா, தப்பு அவுக பக்கம்தான்னு தெரிஞ்சிருக்கும்.

வெளிய வந்தோம். பஸ் ஸ்டாண்டுல அவளுக்கு ரெண்டு இட்லி வாங்கிக் குடுத்தேன். சாப்பிட்டா. நானும் சாப்பிட்டேன். விருதுநகரு தாண்டுற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தோணல. அழுகை வரும்னு நினைச்சேன், வரல. கோவம் வரும்னு பாத்தேன், அதுவும் வரல. ஊசி போட்டா பல் பிடுங்குறது தெரியாதுல்லா, அது மாதிரி. அது இன்னும் தெளியல பாத்துக்கிடுங்க.

வீட்டுக்கு அவ அண்ணன் வந்தாரு. சங்கரலிங்கம், எனக்கு மச்சான், பேட்டையில இருக்காரு. விசயத்தைக் கேட்டுட்டு, எந்த போனு தொலைஞ்சுது, எப்பத் தொலைஞ்சுதுன்னு குடைஞ்சு குடைஞ்சு கேக்காரு. என்னைப் பாத்துதான் கேக்காரு. மாப்ளே, நீங்க என்னமோ சிம்மை எடுத்து லேப்டாப்புல போட்டேன்னீங்களே, அது எந்த சிம்முங்காரு. அவரு எலக்ட்ரீசியன், அவருக்கு இதுல என்ன தெரியும்? நான் விளக்கிச் சொல்லலாம்னு எந்திரிச்சேன், மச்சான், டேட்டா வேற, கால் வேறன்னு. வடிவு அடுப்பாங்கரையில இருந்து வந்தா. அண்ணே, என் செல்லை நான்தான் தொலைச்சேன், இன்னொரு தடவை இதைப் பத்திப் பேசணும்னா இந்த வீட்டுக்கு வராதீங்கன்னா. கூடப் பொறந்தவனைப் பாத்து. அவரு காப்பியைக் குடிக்காமப் போயிட்டாரு. அதுல இருந்து என்கிட்டப் பேச மாட்டேங்காரு. வந்து தங்கச்சியைப் பாப்பாரு, என்னைப் பாக்க மாட்டாரு. நான் என்ன செஞ்சேன் அவருக்கு? நல்லதுதான செஞ்சேன்? அவரு தங்கச்சி வேலை போகக்கூடாதுன்னுதான செஞ்சேன்?

அடுத்த நாளு லேப்டாப்பை எடுத்துப் பாத்தேன். மெசேஜ் பூராம் உள்ள கிடக்கு. ஆஃபருக்கு நடுவுல மிஸ்டு கால் மெசேஜு. மதுரை நம்பரு. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வரிசையாக் கிடக்கு. கடைசியா, உடனே தொடர்பு கொள்ளவும்னு ஒண்ணு. பாத்தேன். இதுல ஒரு கோளாறு பாத்துக்கிடுங்க. படிக்காத மெசேஜு தடிச்ச எழுத்துல இருக்கும், திறந்து படிச்சாத்தான் மெலிசாகும். ஆஃபர் மெசேஜ் எல்லாம் தடிச்ச எழுத்துல இருக்கு, மதுரை மெசேஜ் மட்டும் மெலிசா இருக்கு. நான் திறக்கல. அந்த லேப்டாப்பை வடிவைத் தவிர யாரும் தொட மாட்டாங்க, மதுரையில இருந்து வந்த ராத்திரி அவ தூங்காம அதை வச்சுக்கிட்டு இருந்தாதான், ஆனா அவளுக்கு அந்த இடமே தெரியாது. தானாத் திறந்திருக்கு. இந்த மாதிரிக் கோளாறெல்லாம் வரும். நான் எல்லாத்தையும் அழிச்சுட்டேன். சிம்முல இடம் அடைக்கும்.

அதுக்கப்புறம்தான் எனக்கு ஒரு வருத்தம். உங்ககிட்டச் சொல்லுததுக்கு என்ன, நீங்க வெளி ஆளுதான. ஒரு நாளு வடிவு சொல்லுதா, ஏங்க, அந்தக் கார்டைக் கழட்டிருங்க, லேப்டாப்பு மடியில சுடுதுன்னு. சுடாது அண்ணாச்சி. நான் கை வச்சுப் பாத்தேன், மடியில வச்சுப் பாத்தேன், கடையில வெப்பம் பாக்குற கருவி இருக்கு, அதை வச்சும் பாத்தேன். முன்னால எப்பிடி இருந்துதோ அப்பிடித்தான் இருக்கு. அவ்வளவு பாடுபட்டுச் செஞ்ச வேலை, ஊர் பூராம் காட்டிக் கொண்டாடுன வேலை, சுடுதுங்கா. காரணம் கேட்டா அதையேதான் சொல்லுதா. சுடுதுங்க, கழட்டிருங்க.

கழட்டுனேன். வயரை மட்டும் எடுக்கல, அது ஸ்க்ரீனுக்குள்ளயே கிடக்கு, எடுத்தா அந்து போகும். ஸ்லாட்டு பழையபடி காலியாக் கிடக்கு. முன்னால மாதிரிப் பிளாஸ்டிக்கை வச்சு ஓட்டையை அடைச்சுட்டேன். இப்ப ஹாட்ஸ்பாட்லதான் ஓட்டுதா. அந்தா பாருங்க, கையைத் தூக்கி சிஸ்டரைக் கூப்பிடுதா. கட் ஆயிருக்கும். ஒரு கஸ்டமர் போயிருப்பாங்க. இதுதான் வேணும்னு கேட்டு வாங்குனா. என்ன செய்ய?

சிம்மைப் பழையபடி பட்டன் போன்ல போட்டேன், மதுரை லிஸ்ட்லயும் இன்னும் இதே நம்பருதான் இருக்கு. அதைக் கொண்டு போய் சாமி படத்துக்குக் கீழ வச்சேன். எடுத்துட்டு வந்து என் கையில குடுத்தா. நீங்களே வச்சுக்கிடுங்க, நான் தொலைச்சிருவேன்னா. சொல்லிட்டு என் சட்டைப் பைக்குள்ள அவளே போட்டா. போட்டு, மேல ஒரு தட்டு தட்டுனா. எனக்குச் சிரிப்பு வந்துது, தொலைக்காத போனைத் தொலைச்சேன் தொலைச்சேன்னு சொல்லிச் சொல்லி அவளே நம்பிட்டா பாருங்கன்னு. வந்துதே தவிரச் சிரிக்கல.

அதுல இருந்து என்கிட்டத்தான் இருக்கு. இந்தா. இதுதான். சட்டை மாத்துனா முதல்ல இதைத்தான் மாத்துவேன். குளிக்கப் போகும்போது பாலித்தீன் கவர்ல போட்டு ஜன்னல்ல வச்சுக்கிடுவேன். கடையில கஸ்டமர் வந்தாலும் இது மேசையில என் கண்ணு முன்னாலதான் இருக்கும். முதலாளி ஒரு தடவை, யாரு கூப்பிடப் போறா உன்னைன்னு கேட்டாரு. கேட்டுட்டு அவரே நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு.

உங்க அப்பா பேரைப் பதிஞ்சீங்கன்னா, நம்பரை யோசிச்சுக் குடுங்க. குடுத்துட்டு மறந்துராதீங்க. நான் சொல்லுதது என்னன்னா, ஆஸ்பத்திரிக்காரங்க இன்னும் ரெண்டு இடத்துல விசாரிச்சிருக்கலாம், வடிவு ம்ன்னு சொல்லுததுக்கு முன்னால ஒரு நிமிசம் யோசிச்சிருக்கலாம், முதலாளி லேண்ட்லைனை வச்சிருந்திருக்கலாம். யாரைச் சொல்லி என்ன? அந்தக் கிட்னி எங்கயோ ஒரு உடம்புல ஓடிக்கிட்டு இருக்கும். நல்லா இருக்கட்டும்.

சரி, அந்த உதவி. பெருசா ஒண்ணுமில்லை. உங்க போன்ல இருந்து இதுக்கு ஒரு கால் அடிங்க. நான் எடுக்க மாட்டேன், அடிக்குதான்னு பாக்கணும், அவ்வளவுதான். என் போன்ல இருந்து அடிச்சுப் பாக்கலாம், பாக்கவும் செய்யுதேன். ஆனா வெளி ஆளு போன்ல இருந்து வருதான்னு பாக்கணும்லா? ஜெசிந்தா சிஸ்டர் ஆரம்பத்துல அடிச்சுக் குடுத்துச்சு. இப்ப, போங்கண்ணே, நேத்துதான அடிச்சோம், வேலை கிடக்குங்குது. நேத்து அடிச்சது நேத்து. கீழ டீக்கடைக்காரரும் அடிச்சுக் குடுத்தாரு, இப்ப என்னைக் கண்டா போனை எடுத்து உள்ள வைக்காரு. அதான் புதுசா யாராவது வந்தாக் கேக்குதேன்.

சொல்லுதேன், அமுக்குங்க. தொண்ணூத்தி நாலு... ஆங், அதுதான், இதுல எழுதி ஒட்டியிருக்கேன், பாத்தே அடிங்க.

இருங்க.

ம். அடிக்குது. கேட்டீங்களா? நல்ல சத்தம். இன்னும் ரெண்டு தடவை அடிக்கட்டும்.

அந்தா, வடிவு தலையைத் தூக்கிட்டா. இங்ஙன அடிச்சா உள்ள கேக்கும் அவளுக்கு. எப்ப அடிச்சாலும் இப்பிடித்தான், டைப் அடிக்குறதை நிப்பாட்டிட்டு என் முகத்தையே பாப்பா. இல்லை வடிவு, சும்மா டெஸ்ட்டுன்னு நான் கையைக் காட்டணும். காட்டிட்டேன். பாருங்க, குனிஞ்சுட்டா. சாயம் போகாதும்மான்னு அடிப்பா.

போதும் அண்ணாச்சி, கட் பண்ணிருங்க. நம்ம லைனைப் பிடிச்சு வச்சிருக்குற நேரம் பாத்து அவுக கூப்பிட்டுட்டா?